உங்கள் இணைய இணைப்பை நிறுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

மூட்டையின் மேல் 50 கிலோ என்று அச்சடித்திருக்கிறது என்பதற்காக எந்த வியாபாரியும் அதை அப்படியே நம்பிவிடுவதில்லை. சந்தேகம் வந்தால் தராசில் ஏற்றிப் பார்ப்பார். நிறை குறைந்தால் லொறி புறப்படுவதற்கு முன்பே கேட்டுவிடுவார். அதே வியாபாரி வீட்டு இணைய இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார். ஆனால் வாங்கிய அளவு வந்து சேர்கிறதா என்று ஒருநாளும் நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார். "லைன் ஸ்லோ" என்று வீட்டார் முணுமுணுத்தால் அதைவிடப் பெரிய பெக்கேஜ் ஒன்றுக்கு மாறி, மேலும் பணம் கட்டுவதோடு விடயம் முடிந்துவிடுகிறது.

வீட்டு இணைப்பு இன்று வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. கடையைப் பூட்டிவிட்டு வந்த பின்னர்தான் எம்மில் பலர் வங்கிக் கணக்கைப் பார்க்கின்றோம். வட்ஸ்அப்பில் வந்த ஓடர்களுக்குப் பதில் அனுப்புகின்றோம். புதிய சரக்கின் படங்களை ஏற்றுகின்றோம். கடையிலுள்ள கெமராவை வீட்டிலிருந்தே பார்க்கின்றோம். இந்த வேலைகள் இழுபட்டால் நட்டம் வியாபாரத்துக்குத்தான். எனவே இணைப்பின் வேகத்தை அளப்பது எப்படி, அந்த அளவைக் கணக்கு எழுதுவதுபோல் எழுதி வைப்பது எப்படி என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

முதலில் அலகுகள்

இணைய வேகம் 'மெகாபிட்' என்ற அலகில் விற்கப்படுகிறது. நாம் கணனியிலும் தொலைபேசியிலும் பார்க்கும் கோப்புகளின் அளவோ 'மெகாபைட்' கணக்கில் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டும் ஒன்றல்ல. 8 பிட் சேர்ந்ததே 1 பைட். ஆகவே 20 மெகாபிட் இணைப்பில் ஒரு செக்கனுக்குக் கிடைக்கக்கூடியது 2.5 மெகாபைட் மட்டுமே. 1000 மெகாபைட் கோப்பு ஒன்றை இறக்க 400 செக்கன், அதாவது 6 நிமிடமும் 40 செக்கனும் செல்லும். இதை அறியாமல் "20 என்று சொல்லி 2.5 தான் தருகிறார்கள்" என்று சண்டைக்குப் போனால் நாம்தான் வெட்கப்பட நேரும்.

வேகச் சோதனை செய்தால் மூன்று இலக்கங்கள் கிடைக்கும். முதலாவது தரவிறக்க வேகம். வெளியிலிருந்து உங்களிடம் வருவது. இரண்டாவது தரவேற்ற வேகம். உங்களிடமிருந்து வெளியே போவது. மூன்றாவது 'பிங்' எனப்படும் தாமதம்; நீங்கள் அனுப்பிய ஒரு செய்தி போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். இது மில்லி செக்கனில் காட்டப்படும்.

விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது முதலாவது இலக்கம். ஆனால் வியாபாரிக்கு இரண்டாவது இலக்கமும் முக்கியம். சரக்கின் படங்களை அனுப்புவதும், வீடியோ அழைப்பில் உங்கள் முகம் மறுமுனைக்குப் போவதும் தரவேற்றத்தால்தான். கெமராவை வெளியிலிருந்து பார்க்கும்போது உழைப்பது கடை இணைப்பின் தரவேற்றம். பழைய செப்புக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் இணைப்புகளில் தரவேற்றம் இயல்பிலேயே மிகக் குறைவு. பைபர் இணைப்புகளில் அது மேலானது. குரல் விட்டுவிட்டுக் கேட்டால் மூன்றாவது இலக்கத்தையும் பார்க்க வேண்டும். வேகம் நன்றாக இருந்தும் தாமதம் ஏறி இறங்கினால் பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும்.

'வரை' என்ற சிறு சொல்

விளம்பரத்தில் "20 மெகாபிட் வரை" என்று இருக்கும். அந்த 'வரை'யில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரே பைபர் தடத்தைப் பல வீடுகள் பங்கு போடுகின்றன. ஒரே 4ஜி கோபுரத்தை ஊரே பங்கு போடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது குறையும். பெருநாளுக்கு முந்திய இரவில் கடைத்தெருவில் நடப்பதைப் போன்றதுதான் இதுவும்.

பிரித்தானியாவில் முன்னர் வாடிக்கையாளர்களில் 10 வீதமானோருக்கு ஒரு வேகம் கிடைத்தாலே போதும், "அந்த வேகம் வரை" என்று விளம்பரம் செய்யலாம் என்றிருந்தது. 2018 மே மாதம் தொடக்கம் இந்த விதி மாறியது. இரவு 8 மணி தொடக்கம் 10 மணி வரையான நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்கும் வேகத்தையே விளம்பரப்படுத்த வேண்டும் என்றானது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. இணைப்பை நள்ளிரவில் அளந்து பயனில்லை. நெரிசல் நேரத்திலும் அளக்க வேண்டும்.

அளக்கும் முறை

ஊக்லா நிறுவனத்தின் 'ஸ்பீட்டெஸ்ட்' 2006 முதல் இருக்கிறது. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2016இல் 'பாஸ்ட்' என்ற சோதனையை ஆரம்பித்தது. இரண்டும் இலவசம். எதைப் பயன்படுத்தினாலும் சரி, ஆனால் கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். இன்று ஒரு தராசு, நாளை இன்னொரு தராசு என்றால் கணக்கு ஒத்துவராது.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. கணனியை ரவுட்டருடன் கேபிள் மூலம் இணைத்து அளக்க வேண்டும். வை-பை சுவர்களிலும் தூரத்திலும் பலமிழக்கும்; அயல் வீட்டு வை-பையாலும் குழம்பும். வை-பையில் எடுத்த அளவைக் காட்டினால், "குறை உங்கள் வீட்டுக்குள்ளே" என்று கம்பனி ஒரே சொல்லில் முடித்துவிடும்.

2. அந்த ஒரு நிமிடத்துக்கு வீட்டில் வேறு எவரும் இணையத்தைப் பயன்படுத்தக் கூடாது. மகன் மாடியில் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு செல்லாது. விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

3. உங்கள் பெக்கேஜ் 100 மெகாபிட்டுக்கு மேற்பட்டதாக இருந்து, எப்போது அளந்தாலும் 94 அளவிலேயே நின்றால் கம்பனியைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். பழைய கணனிகளிலும் ரவுட்டர்களிலும் உள்ள கேபிள் துவாரம் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது. பழுதடைந்த கேபிளும் இதையே செய்யும். கேபிளை மாற்றினாலே சில வேளை குறை தீர்ந்துவிடும்.

4. சோதனை எந்த ஊரிலுள்ள சேர்வருடன் நடக்கிறது என்று பாருங்கள். ஸ்பீட்டெஸ்ட் போன்றவை பெரும்பாலும் மிக அருகிலுள்ளதைத் தாமாகவே தெரிவு செய்யும். கொழும்புடன் அளந்தால் உள்ளூர்ப் பாதை எப்படி என்று தெரியும். உங்கள் வேலை வெளிநாட்டுத் தளங்களோடு என்றால் சிங்கப்பூர் சேர்வர் ஒன்றையும் தெரிவு செய்து அளந்து பாருங்கள்.

5. சோதனையும் தரவைச் செலவழிக்கும். 20 மெகாபிட் இணைப்பில் 10 செக்கன் தரவிறக்கச் சோதனைக்கு ஏறக்குறைய 25 மெகாபைட் போகும். நாளுக்கு மூன்று முறை வீதம் 14 நாட்களுக்குச் செய்தால் 1 ஜிகாபைட்டைச் சற்றுத் தாண்டும். 100 மெகாபிட் இணைப்பில் இது ஐந்து மடங்கு. தரவேற்றச் சோதனைக்கு ஆகும் செலவு வேறு. மாதாந்தத் தரவு அளவு குறைவாக உள்ளவர்கள் இதைக் கணக்கிற் கொள்ள வேண்டும்.

கொப்பி ஒன்று போடுங்கள்

ஒருமுறை அளந்து "8 தான் காட்டியது" என்று சொல்வது முறைப்பாடு ஆகாது. அன்று ஏதோ நடந்திருக்கலாம். ஒருநாள் விற்பனையை வைத்துக் கடையின் நிலையைச் சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு வாரங்களாவது அளந்து எழுத வேண்டும்.

கடன் கொப்பியைப் போல ஒன்றை எடுத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திகதி, நேரம், கேபிளா வை-பையா, சேர்வர், தரவிறக்கம், தரவேற்றம், தாமதம், குறிப்பு என எட்டு நிரல்கள் போதும். காலை 8 மணி, பகல் 1 மணி, இரவு 9 மணி என நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு நிரலில் மழை, மின்வெட்டு, ரவுட்டரை நிறுத்திப் போட்டது, மாதத் தரவு முடிந்தது போன்றவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் திரையைப் படம் பிடித்தும் வையுங்கள். கணனி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மணிக்கொரு முறை தானாக அளந்து பதியும் இலவச மென்பொருளை நிறுவச் சொல்லலாம்.

கணக்குப் பார்க்கும்போது காலை, பகல், இரவு அளவுகளைத் தனித்தனியே பிரியுங்கள். உதாரணமாக, 20 மெகாபிட் பெக்கேஜ் ஒன்றில் ஏழு இரவுகளின் தரவிறக்கம் 6.1, 5.8, 7.0, 19.2, 6.4, 5.5, 6.6 என்று வைத்துக்கொள்வோம். கூட்டி ஏழால் பிரித்தால் ஏறக்குறைய 8.1 வருகிறது. ஆனால் ஏழு இரவுகளில் ஆறில் 7க்கு மேல் போகவேயில்லை. தற்செயலாக வந்த அந்த 19.2 தான் சராசரியை உயர்த்திவிட்டது. ஆகவே சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இலக்கத்தை எடுங்கள். இங்கே அது 6.4. உங்கள் இரவு நேர வேகம் அதுதான்.

கொப்பி சொல்லும் பதில்

காலையிலும் பகலிலும் நல்ல வேகம், இரவில் மட்டும் வீழ்ச்சி என்றால் அது நெரிசல். உங்கள் ரவுட்டரை மாற்றிப் பயனில்லை. பெரிய பெக்கேஜுக்கு மாறினாலும் நெரிசல் அதே நெரிசல்தான். பணத்தை வீணாக்கும் முன் இதை அறிந்திருப்பது நல்லது.

எல்லா நேரமும் ஒரே அளவில் குறைவு என்றால் லைனில் பழுது, அல்லது கம்பனி உங்களுக்குத் தவறான பெக்கேஜை இணைத்திருக்கலாம். செப்புக் கம்பி இணைப்பானால் தொலைபேசி நிலையத்திலிருந்து உங்கள் வீடு தூரமாக இருப்பதும் காரணமாகலாம். மழை நாட்களில் மட்டும் குறைந்தால் கம்பி மூட்டுகளில் ஈரம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மாதக் கடைசியில் மட்டும் விழுந்தால் தரவு அளவு முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கும். கேபிளில் நல்ல வேகம், வை-பையில் குறைவு என்றால் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, சற்று உயரமான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். 4ஜி ரவுட்டர் என்றால் கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலருகே வையுங்கள்.

கொழும்புடன் நல்ல வேகம், சிங்கப்பூருடன் மோசம் என்றால் தடங்கல் உங்கள் வீட்டு லைனில் இல்லை; அதற்கு அப்பால், வெளிநாட்டுப் பாதையில் இருக்கிறது. 2004 ஆகஸ்டில் கொழும்புக்கு அப்பால் கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தபோது நாட்டின் இணையத் தொடர்பே பெரும்பாலும் நின்றுபோனது. இன்று பல கேபிள்கள் இருப்பதால் ஒன்று அறுந்தால் எல்லாம் நிற்பதில்லை, ஆனால் வேகம் குறையக்கூடும். இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவதற்காகவே கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து, 2000களின் பிற்பகுதியில் 'அசோகா-திஸ்ஸ' என்ற அளவீட்டு முறையை உருவாக்கின. நாளின் பல வேளைகளில் அளப்பதும், உள்ளூர்ப் பாதையையும் வெளிநாட்டுப் பாதையையும் வேறாக அளப்பதும் அதன் அடிப்படை.

எழுத்தில் இருந்தால்தான் உரிமை

அளந்து எழுதிய கொப்பிக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு ஜேர்மனி நல்ல உதாரணம். அங்கே 2021 டிசம்பர் முதல், ஒப்பந்தத்தில் சொன்ன வேகம் கிடைக்காத வாடிக்கையாளர் கட்டணத்தைக் குறைத்துக் கட்டலாம். அல்லது ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம். ஆனால் வாயால் சொன்னால் போதாது. அரச ஒழுங்குபடுத்தும் நிறுவனம் தரும் மென்பொருளைக் கொண்டு, கேபிளில் இணைத்து, மூன்று வெவ்வேறு நாட்களில் மொத்தம் 30 முறை அளந்து காட்ட வேண்டும். அந்தப் பதிவுதான் சாட்சி.

நாமும் முறைப்பாடு செய்யும்போது "லைன் ஸ்லோ" என்று சொல்வதை விட்டுவிடுவோம். "14 நாட்கள் கேபிளில் அளந்தேன். காலை 8 மணிக்கு 18 மெகாபிட், இரவு 9 மணிக்கு 6.4. பதிவுகள் கைவசம் உள்ளன" என்று சொல்லுங்கள். அதையே எழுத்திலும் அனுப்பி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பேசிய திகதியையும் கொப்பியில் எழுதுங்கள். திருத்திவிட்டோம் என்று சொன்னால் மீண்டும் ஒரு வாரம் அதே நேரங்களில் அளந்து, பழைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் அந்த இலக்கத்தோடும் பதிவுகளின் பிரதிகளோடும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

வேறு கம்பனிக்கு மாறுவதானாலும் பழைய கொப்பியை எறிந்துவிடாதீர்கள். புதிய இணைப்பு வந்த முதல் இரண்டு வாரமும் அதே கொப்பியில் எழுதுங்கள். மாறியது இலாபமா நட்டமா என்று அப்போதுதான் தெரியும். இதற்குச் செலவு ஒரு கொப்பியும் நாளொன்றுக்கு ஐந்து நிமிடமும் மட்டுமே. இன்றிரவு 9 மணிக்கே முதல் வரியை எழுதிவிடலாம்.