வடபுலக் காடும் புத்தளக் கரையும்

வலசைப் பறவைகள் தென்றிசை வந்து வடதிசை மீளும் இயல்பைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். சத்திமுற்றப் புலவரின் தனிப்பாடல், வடக்கே திரும்பும் நாரையை விளித்துப் பாடப்பட்டதேயாகும். இத்தகைய பறவைகளுட் சில எங்கே பிறக்கின்றன, புத்தளக் கரையை ஏன் நாடுகின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பாவின் வடபாகத்திலிருந்து சைபீரியாவின் கீழ்க்கோடி வரை, தைகா எனப்படும் ஊசியிலைக் காடு பரந்து கிடக்கின்றது. அதனிடையே சதுப்பு நிலங்கள் எண்ணிறந்தன. கோடையில் அங்குப் பகற்பொழுது நீளும், பூச்சியினம் பெருகும். அக்காலத்திற் பொரி உள்ளான், பச்சைக்காலி முதலியன அச்சதுப்புகளிற் குஞ்சு பொரிக்கின்றன. பொரி உள்ளான் பெரும்பாலும் நிலத்தில் முட்டையிடும். சிலவேளை வேறு பறவை கைவிட்ட மரக்கூட்டிலும் இடுவதுண்டு. எனவே ஆனைவிழுந்தான் குளக்கரையில் நாம் காணும் இப்பறவை, காட்டுப் பறவையுமாகும் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

குளிர்காலம் நெருங்கச் சதுப்பு உறைகின்றது. உறைந்த சேற்றில் அலகு உட்புகாது, இரையும் கிட்டாது. ஆதலின் பறவைகள் தெற்கே புறப்படுகின்றன. மத்திய ஆசிய வலசைப் பாதை இலங்கையில் தன் தென்னெல்லையை நெருங்குகின்றது. தைகாவிலிருந்து இங்கு வர, நேர்கோட்டிற் கணித்தாலும் 5,000 கிலோமீற்றருக்கு மேலாகும். ஆகத்து, செப்டெம்பர் மாதங்களில் வரத் தொடங்கும் பறவைகள் ஏப்பிரல் அளவிற் பெரும்பாலும் மீள்கின்றன.

புத்தளக் களப்பின் ஓரங்களும் உப்பளங்களும் ஆழமற்றவை. அங்கு ஒவ்வோரினமும் தன் உறுப்புக்கேற்ப இரை தேடுகின்றது. உப்புக்கொத்தி சேற்றின் மேற்பரப்பைக் கண்ணால் நோக்கிக் கொத்தும். பச்சைக்காலி ஆழங்குறைந்த நீரில் ஓடிச் சிறுமீன் பிடிக்கும். கோட்டானோ நீண்டு வளைந்த அலகைச் சேற்றினுட் செலுத்திப் புழுவும் நண்டும் எடுக்கும். இப்பறவைக்குக் குதிரைமலைக் கோட்டான் என்றும் தமிழிற் பெயருண்டு. வில்பத்துக் கரையிலுள்ள முனையொன்றும் குதிரைமலை எனப் பெயர் பெற்றிருப்பதை இப்பகுதியினர் நன்கறிவர்.

இரை தேடும் இடம் சில அங்குல நீராழத்தைப் பொறுத்தது என்பதே இங்குள்ள சிக்கலாகும். 1980களில் இம்மாவட்டத்தில் இறால் பண்ணைகள் விரைந்து பெருகின. கண்டற் காடுகளும் உவர்ச் சேற்று நிலங்களும் ஆழமான குட்டைகளாயின. 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் பரவியபின் பல குட்டைகள் கைவிடப்பட்டன. எனினும் வெட்டிய நிலம் தானாகப் பழைய சேற்று நிலமாகிவிடுவதில்லை. குட்டையில் நீர் இருப்பினும், குறுங்காற் பறவைக்கு அது பயனற்றதே. ஆனைவிழுந்தான் 2001ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டமை ஆறுதலளிப்பது. களப்பின் ஓரங்கள் முழுமைக்கும் அத்தகைய காப்பில்லை.

பறவை நோக்க விழைவோர் காலையில், ஞாயிறு முதுகுப்புறமிருக்க நின்று, பறவையின் பெயரோடு எண்ணிக்கை, நாள், நீரின் ஆழம் என்பவற்றையும் குறித்தல் நன்று. ஆண்டுதோறும் ஒரேயிடத்தில் எடுத்த குறிப்புகளே, எவ்விடத்தை இழந்தால் எப்பறவையை இழப்போம் என்பதை உணர்த்தவல்லவை.

பச்சைக்காலி தன் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிப்பது பிறந்த காட்டிலன்று; இத்தகைய தென்கரைகளிலேயாம். ஆகவே வடபுலக் காட்டினைக் குறைவறக் காத்தாலும், இக்கரைச் சேறு அழியுமாயின் அக்காட்டின் கோடைக்குரல்களுட் சில அடங்கிவிடும்.