புள்ளியைப் பார்த்து வீடு தேடுவோருக்கு

வீடு தேடும்போது நம்மவர்கள் முதலில் கேட்பது, "அங்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை புள்ளி?" என்பதைத்தான். ஃபிரேசர் நிறுவனம் பத்துக்கு இடும் அந்தப் புள்ளி, 3ஆம், 6ஆம் வகுப்புகளில் எழுதும் மாகாணத் தேர்வை வைத்தே கணிக்கப்படுகிறது. பெற்றோரின் வருமானமும் அதில் ஒளிந்திருக்கும். புதிதாக ஆங்கிலம் பழகும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் ஸ்காபரோ ஆசிரியரின் உழைப்பு தெரியாது. அந்தப் புள்ளிக்காக மோட்கேஜை ஏற்றிவிட்டு இரண்டு வேலைக்கு ஓடினால், இரவில் பிள்ளையோடு இருந்து வாசிப்பது யார்?

புள்ளியைவிட எல்லையைக் கவனியுங்கள். பொதுப் பள்ளியைத் தீர்மானிப்பது வீட்டு முகவரி. ஸ்ரீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ கல்விச்சபை. வடக்கே, மார்க்கம் பக்கம், யோர்க் பிராந்தியக் கல்விச்சபை. வீட்டு முகவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், கல்விச்சபையின் இணையத்தளத்தில் முகவரியை இட்டுப் பாருங்கள். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவரின் பிள்ளைக்கும் மேல்வீட்டுப் பிள்ளைக்குள்ள அதே இடம் உண்டு. முகவரிக்கான ஆவணம் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள்.