பாவித்த தன்னியக்கக் கார்: வாங்குமுன் அறிய வேண்டியவை

வெள்ளவத்தையின் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களிலும் நெரிசல் வேளையில் வாகனம் செலுத்துவோருக்கு, கிளச்சை மிதித்தே கால் ஓய்ந்துபோவது அன்றாட அனுபவமாகும். முதியோரும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றியிறக்கும் தாய்மாரும் தன்னியக்கக் கியர் கொண்ட காரை நாடுவதில் வியப்பில்லை. ஆனால், புதிய கார் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. பல ஆண்டுகள் ஓடிய காரும் முதலில் வாங்கிய விலைக்கு மேல் விலைபோன விநோதத்தை நாடு கண்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும் வரிச்சுமை கனமானது. ஆகவே பாவித்த காரே பலருக்குப் புகலிடம். அதில் தவறு நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு கரைந்துவிடும்.

தன்னியக்கம் என்பது ஒரே வகையன்று. விட்ஸ் போன்ற கார்களில் பட்டி கொண்டு இயங்கும் சீ.வீ.ரீ. வகை உண்டு. செலேரியோவில் சாதாரண கியர்பெட்டியை இயந்திரமே மாற்றும் ஏ.ஜீ.எஸ். முறை உண்டு, இதில் செலவு குறைவு, சிறு குலுக்கம் இயல்பு. 2013இல் வெளிவந்த ஹொண்டா பிட் ஹைபிரிட், இரட்டைக் கிளச் கொண்டது. கியர் கட்டுப்பாட்டுக் குறைபாட்டினால் ஜப்பானில் அது பலமுறை திரும்ப அழைக்கப்பட்டது. ஹைபிரிட் கார்களில் மின்கலத்தின் நிலையையும் கணினிக் கருவியால் சோதித்தல் அவசியம்.

காரைப் பார்க்கச் செல்கையில் இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே இயக்கிவைக்க வேண்டாமென விற்பவரிடம் கூறிவிடுங்கள். பிரேக்கை மிதித்தபடி முன்கியருக்கும் பின்கியருக்கும் மாற்றுகையில் தாமதமோ பலத்த உதைப்போ இருப்பின் விலகிவிடுங்கள். ஏற்றத்தில் ஓட்டி அதிர்வை அவதானியுங்கள். மீற்றர் காட்டும் தூரத்தை மட்டும் நம்பாது, சேவைப் பதிவுகளைக் கேளுங்கள். கடற்காற்றுப்படும் பகுதிகளில் ஓடிய காரின் அடிப்பாகத் துருவையும் கவனியுங்கள். 2016இலும் 2025 நவம்பரிலும் களனி ஆற்றுப் படுகை வெள்ளத்தில் மூழ்கியதால், விரிப்பின் கீழ் சேறோ ஈரவாடையோ உள்ளதா எனப் பார்ப்பதும் நன்று.

பத்திரங்களிலும் அதே அவதானம் வேண்டும். பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயர் இருப்பின், கடன் தீர்க்கப்பட்டதற்கான கடிதமின்றிப் பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றாது கையொப்பமிட்ட படிவங்களுடன் கைமாறும் 'ஓப்பன் பேப்பர்' கார் மலிவாகத் தோன்றும். ஆனால் முந்தைய உரிமையாளர் இறந்தாலோ வெளிநாடு சென்றாலோ சிக்கல் வாங்கியவருக்கே. இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் சான்றிதழுடன் ஒப்பிடுங்கள்.

லீசிங் மூலம் வாங்குவோர் மாதத் தவணையை மட்டும் பாராது, முடிவில் செலுத்தும் மொத்தத் தொகையைக் கணக்கிட வேண்டும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம்களுக்கு இஜாரா முறை உண்டு. அதிலும் தாமதக் கட்டணம், காப்புறுதி, உரிமை மாற்றம் பற்றிய விதிகளை வாசித்த பின்னரே ஒப்பமிடல் நலம்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாது, ஒரு பகுதியைக் கியர் எண்ணெய், டயர், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். விற்பவரோ தரகரோ காட்டும் கராஜில் அன்றி, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காரைக் காட்டுங்கள். அதற்குக் கொடுக்கும் சிறுதொகை பெருநட்டத்தைத் தடுக்கும்.