வாடகைப் பணம் யார் கையில்?

வாடகை கொடுக்கச் சக்தியற்ற ஏழைக் குடித்தனக்காரனுக்குச் சர்க்கார் உதவி செய்ய முன்வந்தால், அப்பணத்தை அவனிடம் கொடுப்பதா, வீட்டுக்காரனிடமே நேராகச் செலுத்திவிடுவதா? இதை வெறும் கணக்குப்பிள்ளை விவகாரமென்று எண்ணுவோர் பலர். எவ்வழியாகக் கொடுத்தாலும் பணம் கடைசியில் வீட்டுக்காரனைத்தானே சேர்கிறது, இதில் விவாதத்துக்கு இடமேது என்பது அவர்கள் கட்சி. நமது அபிப்பிராயம் வேறு. வாடகையைத் தன் கையால் கொடுத்து ரசீது வாங்குகிறவன் வீட்டுக்காரனுக்கு எதிரே ஒரு கட்சிக்காரனாக நிற்கிறான். தனக்காகப் பிறர் பேசிப் பிறர் பணம் கட்டும்போதோ, அவன் அவ்வீட்டில் வைக்கப்பட்ட சாமானுக்குச் சமானமாகிவிடுகிறான். இந்த உண்மைக்குச் செங்கற்பட்டு ஜில்லாவின் சரித்திரமே போதிய சாட்சி.

முதலில் எதிர்க்கட்சியின் நியாயத்தைக் கேட்போம். வாடகை தவறாமல் வருமென்ற நிச்சயமிருந்தால்தான் வீட்டுக்காரர்கள் ஏழைகளுக்கு வீடு விடுவார்கள். பசியும் கடனும் உள்ள வீட்டில் வாடகைப் பணம் வேறு செலவுக்குப் போய்விடும். பாக்கி ஏறினால் குடும்பமே தெருவில் நிற்கும். இவை அற்பமான காரணங்களல்ல. இங்கிலாந்தில் 2008-ஆம் வருஷம் ஏப்ரல் முதல், தனியார் வீடுகளில் குடியிருப்போருக்கான உதவிப் பணம் பெரும்பாலும் குடித்தனக்காரரிடமே கொடுக்கப்பட்டது. 2013-ல் தொடங்கிய ‘யூனிவர்சல் கிரெடிட்’ திட்டம் அவ்வழக்கத்தை நகரசபை வீடுகளில் வசிப்போருக்கும் விரித்தது. பாக்கி ஏறுகிறதென்று வீட்டுக்காரர்கள் கூக்குரலிட்டனர். இரண்டு மாத வாடகை நின்றுபோனால் பணத்தை வீட்டுக்காரருக்கே நேராகச் செலுத்தலாமென்ற விதி அங்கே இருக்கிறது. ஸ்காத்லாந்திலோ 2017 முதல், எவரிடம் செலுத்துவதென்று குடித்தனக்காரரே தீர்மானிக்கலாம். வட அயர்லாந்தில் வீட்டுக்காரருக்குச் செலுத்துவதே பொது வழக்கம். ஒரே முடியின்கீழ் மூன்று முறைகள்! இவ்விஷயத்தில் முடிவான ஞானம் எவருக்கும் கைவந்துவிடவில்லை என்பதே இதன் பொருள்.

அமெரிக்காவில் 1974-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து வளர்ந்த உதவித் திட்டத்தில், குடித்தனக்காரர் தம் வருமானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கைக் கொடுக்க, மிச்ச வாடகையை வீட்டுவசதி ஸ்தாபனம் வீட்டுக்காரருக்கு நேரே செலுத்துகிறது. ஆனால் அதற்கு முன் அந்த ஸ்தாபனம் வீட்டைப் பரிசோதிக்கிறது. வீடு மனிதர் வசிக்கத் தகுதியற்றதானால் பணம் கிடையாது. ஆகவே, வீட்டுக்காரனிடம் பணம் கொடுப்பதே பாவமென்று நாம் சொல்லவரவில்லை. கொடுத்த பணத்துக்கு ஈடாகக் குடியிருப்பவனுக்கு என்ன பாத்தியதை வாங்கித் தரப்பட்டது என்பதே கேள்வி.

இனி நமது ஜில்லாவுக்கு வருவோம். 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், சேரி மக்களின் நிலையைக் குறித்துச் சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரி மனைகளும் தங்கள் மிராசு பாத்தியதைக்கு உட்பட்டவையே என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடியதும், வீட்டை விட்டு ஓட்டுவோமென்ற பயமுறுத்தலே பண்ணையாளைக் கட்டிவைத்த கயிறாக இருந்ததும் அந்நாளில் வெளியாயின. அங்கே வாடகை ரொக்கமாக வாங்கப்படவில்லை, உழைப்பே வாடகை. எஜமானனும் வீட்டுக்காரனும் ஒருவனே ஆனபடியால், கூலி போதாதென்று வாய் திறந்தவன் அன்றிரவே கூரையையும் இழக்கவேண்டியிருந்தது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010-ஏ இலக்க உத்தரவுகள் அந்த விவாதத்தின் பலனாகப் பிறந்தவை. பின்னாளில் பஞ்சமி நிலமென்று பெயர் பெற்ற பூமிகள் அவற்றின் வழியே வந்தன. அந்நிலங்களும் பலவாறு கைமாறின. அவற்றை மீட்கக் காரணையில் எழுந்த கிளர்ச்சியில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸார் சுட்டு இருவர் மாண்டனர். நூறு வருஷங்களுக்குப் பின்னும், காலூன்ற ஓர் அடி மண் என்பது இங்கே உயிர் விலை கேட்கும் வஸ்துவாகவே இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் நமது ராஜ்யச் சட்டசபை இவ்விஷயத்தில் இரண்டு படிகள் ஏறிற்று. 1961-ஆம் வருஷத்துக் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம், கிராமத்து உழவனையும் விவசாயத் தொழிலாளியையும் மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்தது. 1971-ஆம் வருஷத்துச் சட்டமோ இன்னும் துணிந்தது. அவ்வருஷம் ஜூன் 19 அன்று குடியிருப்பு மனையில் வசித்தவனுக்கே அம்மனையைச் சொந்தமாக்கி, நிலச் சொந்தக்காரருக்குரிய நஷ்டஈட்டைச் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. நேயர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இங்கும் பொதுப்பணம் போனது நிலச் சொந்தக்காரரிடந்தான். ஆயினும் குடியிருந்தவன் அதனால் சிறுமையடையவில்லை, சுதந்திர மனிதனானான். பணம் ஒரு முறை சென்றது. பாத்தியதை நிரந்தரமாக வந்தது. மாதாமாதம் பணம் சென்றும் பாத்தியதை எதுவும் வராத ஏற்பாட்டையே நாம் கண்டிக்கிறோம்.

அத்தகைய ஏற்பாடு இன்று நம் கண்முன் வளர்ந்துவருகிறது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் அங்கமாயிருந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில், வெளியூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். விடுதிக்காரனோடு பேசுவது கம்பெனியோ, ஆள் சேர்க்கும் கான்டிராக்டரோதான். படுப்பவள் ஒருத்தி, ஒப்பந்தக்காரன் மற்றொருவன். 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். குறையைச் சொல்லச் சரியான இடமில்லாமல் அப்பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தனது விதிகளுக்கு ஒத்திருக்கவில்லையென்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. கடல் கடந்த வியாபாரிக்குத் தெரிந்த பிறகே விடுதியின் குறை தீருமென்றால், வாடகையின் பயனை அனுபவிக்கவேண்டியவளுக்கு அங்கே என்ன ஸ்தானம் இருந்தது?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடியே 50 லக்ஷம் ரூபாய் செலவில், 18,720 பெண்கள் தங்கக்கூடிய பெரிய விடுதி திறக்கப்பட்டது. நல்ல கட்டடம் எழுந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் சுவர் மாறினால் மட்டும் போதாது; பாத்தியதையும் மாறவேண்டும். வேலை போன மறுநாளே படுக்கையும் போகுமென்றால், பண்ணையார் இருந்த இடத்தில் கம்பெனி வந்ததே மிச்சம்.

சட்டத்தில் இதற்கு வித்து இல்லாமலில்லை. 1936-ஆம் வருஷத்துக் கூலிச் சட்டமே, தொழிலாளி ஒப்புக்கொண்டாலன்றி வீட்டுக்காகக் கூலியில் பிடித்தம் செய்யலாகாதென்றும், பிடிப்பது வீட்டின் மதிப்புக்கு மேற்படலாகாதென்றும் விதித்தது. 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கிற்று. ஆனால் கம்பெனி தன் சொந்தக் கட்டடத்தை வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக ஊழியருக்கு விடும்போது அச்சட்டம் பொருந்தாது. எங்கே எஜமானனும் வீட்டுக்காரனும் ஒருவனாகிறானோ, எங்கே பாதுகாப்பு மிகுதியாக வேண்டுமோ, அங்கேயே சட்டம் கை விரிக்கிறது.

மத்திய சர்க்கார் 2020-ல் தொடங்கிய வாடகை வீட்டுத் திட்டமும் கட்டுவோருக்கும் நடத்துவோருக்குமே சலுகை தந்தது. ஏழைகளுக்கு வாடகைச் சீட்டு கொடுக்கலாமென்று 2017-ல் ஒரு யோசனை பேசப்பட்டது. நாடளாவிய திட்டமாக அது நடைமுறைக்கு வரவில்லை. அந்த யோசனையில் ஒரு நுட்பம் இருந்தது. சீட்டு குடித்தனக்காரன் கையில் இருக்கும். அதை ரொக்கமாக்குகிறவன் வீட்டுக்காரன். வாடகை வேறு செலவுக்கு ஓடாது. வீடு பிடிக்காவிட்டால் சீட்டோடு வேறு வீடு தேடும் சுதந்திரமும் போகாது.

ஆகவே நாம் கோருவது இதுதான். வாடகைக்காகச் செல்லும் பொதுப்பணம் குடியிருப்பவர் பெயரிலேயே செல்லவேண்டும். வீட்டுக்காரருக்கு நேரே செலுத்துவதானால் குடியிருப்பவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதை அவர் திரும்பப் பெறவும் வழி வேண்டும். ரசீது அவர் கைக்கு வரவேண்டும். வீடு பரிசோதிக்கப்படாமல் ஒரு காசும் போகலாகாது. கம்பெனி விடுதியானால், வேலை நின்றபின் வேறிடம் தேடிக்கொள்ள நியாயமான தவணை கொடுக்கப்படவேண்டும்.

ஏழை பணத்தை விரயம் செய்வானென்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. சமையல் எரிவாயு மானியம் 2015 ஜனவரி முதல் நாடெங்கும் வாங்குவோர் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. அடுப்பு எரிக்கும் பணத்தில் நம்பிக்கைக்குப் பாத்திரமானவள், கூரைக்குரிய பணத்தில் மட்டும் எப்படி அபாத்திரமாவாள்?

தேசத் தொண்டர்களும் தொழிற்சங்கத்தாரும் கூலி உயர்வுக்குப் போராடுகிறார்கள், அது அவசியமே. அத்துடன் விடுதிகளுக்குச் சென்று, ஒப்பந்தம் எவர் பெயரில் இருக்கிறது, ரசீது எவர் கையில் இருக்கிறது என்று கேட்பதையும் வேலையாகக் கொள்ளவேண்டும். கூரை பிறன் வசமிருக்க, கூலி கேட்கும் குரல் ஓங்காது. 1892-ல் இந்த ஜில்லா கற்பித்த பாடம் இது. அதை மறுமுறை விலை கொடுத்துக் கற்கவேண்டிய அவசியம் நமக்கில்லை.