படிப்பும் வேணும், விளையாட்டும் வேணும் – எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் குழுவில் கடன் கேட்கும் நம்மில் பலருக்குக் காரணம் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ்தான். பிள்ளை ஓட்டத்திலோ கபடியிலோ கெட்டிக்காரியாக இருந்தால் குழப்பம் இன்னும் அதிகம். கடன் வாங்கும் முன் மூன்று வகைக் கல்லூரிகளைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

அரசு கல்லூரி: கட்டணம் மிகக் குறைவு. ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா, மைதானம் ஒழுங்காக இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்கணும்.

அரசு உதவி பெறும் கல்லூரி: ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் குறைவு. ஆனால் இதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் இருக்கும். அதில் கட்டணம் அதிகம். எந்தப் பிரிவில் சீட் என்று கேட்காமல் பணம் கட்டாதீங்க.

சுயநிதிக் கல்லூரி: செலவு முழுவதும் நம் தலையில். சில கல்லூரிகள் மாநில அளவில் ஜெயித்த பிள்ளைகளுக்கு ஃபீஸும் விடுதியும் இலவசமாகத் தருகின்றன. அது எல்லாருக்கும் கிடைக்காது.

ஒரே பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகள் என்றால், எதில் படித்தாலும் பட்டம் தருவது அந்தப் பல்கலைக்கழகம்தான். பெரிய கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்வோம். பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்தவர். வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தவர். அரசு உதவி பெறும் மதுரை லேடி டோக் கல்லூரியில் படித்தார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவரை வளர்த்தது நல்ல பயிற்சியாளரும் விடாத உழைப்பும். கட்டிய ஃபீஸ் அல்ல.

சேர்க்கும் முன் உடற்கல்வி இயக்குநரைப் பார்த்து இவற்றைக் கேளுங்கள்:

1. தினமும் பயிற்சி உண்டா? பெண் பிள்ளைகளுக்குத் தனி அணி இருக்கிறதா?
2. போட்டிக்குப் போகும் நாளுக்கு வருகைப் பதிவு தருவார்களா? தேர்வு தவறினால் என்ன வழி?
3. காலில் அடிபட்டு விளையாட முடியாமல் போனால் இலவச சீட் தொடருமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். முதல் வருஷம் இலவசம் என்று சேர்த்து, அடுத்த வருஷம் ஃபீஸ் கேட்டால் நாம் எங்கே போவது? எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்குச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளியில் வாங்கிய சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. அந்த விவரத்தையும் கல்லூரியிலேயே கேளுங்கள்.

ஓடும் கால் ஒருநாள் ஓயும். படித்த படிப்பு கடைசிவரை கூட வரும். இரண்டையும் கைவிடாத கல்லூரியே நல்ல கல்லூரி. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள், சகோதரிகளே!