ஓடுவது பெரிதல்ல, நிற்க வேண்டும்!

மாலை வேளையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் நீங்கள் நின்றதுண்டா? துறைமுகத்தை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் அனுமார் வால் போல நீண்டு நிற்கும். நின்று நின்று கிளம்பும்போது, ஒவ்வொன்றும் "புஸ்ஸ்" என்று பெருமூச்சு விடும். அதுதான் காற்று பிரேக்கின் குரல்.

சற்று மேற்கே, திருவொற்றியூர் தேரடிக்கு வாருங்கள். தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடி வந்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல மெதுவாக நிற்கிறது. அதன் வேகத்தைப் பெரும்பாலும் அடக்குவது மின்சாரம்!

"மின்சாரம் ஓட்டத்தானே செய்யும், நிறுத்தவும் செய்யுமா?" என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

ராயபுரத்தில் தொடங்கிய கதை

1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் புறப்பட்டது. அந்தக் காலத்து ரயில்களை நிறுத்துவது பெரும் பாடு. டிரைவர் விசில் கொடுப்பார். பின்னால் இருக்கும் கார்டு கைச்சக்கரத்தைத் திருகிப் பிரேக் போட வேண்டும். 1869-ல் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்குக்கு உரிமை பெற்றார். பிறகுதான், டிரைவர் ஒருவரே எல்லாப் பெட்டிகளையும் ஒருசேர நிறுத்தும் வழி பிறந்தது.

கையோ, காற்றோ, இரண்டுக்கும் ஒரே தத்துவம்தான்: சக்கரத்தைத் தேய்த்து நிறுத்துவது. ஓடி வந்த சக்தி முழுவதும் சூடாகிக் காற்றில் போய்விடும்.

சைக்கிள் டைனமோவின் ரகசியம்

இரவில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? டைனமோவை டயரின் மேல் சாய்த்ததும் விளக்கு எரியும். கூடவே மிதிப்பதும் கனமாகிவிடும். அந்தக் கனம்தான் மின்சார பிரேக்!

2021 பிப்ரவரி 14-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டப்பட்ட மெட்ரோவில் நடப்பதும் இதுவே. ஓட்டும் மோட்டாரே, நிறுத்தும் நேரத்தில் டைனமோவாக மாறிவிடுகிறது. சக்கரத்தின் வேகம் மின்சாரமாகி மேலே உள்ள கம்பிக்குத் திரும்புகிறது. வேறொரு ரயில் அதைக் கொண்டு கிளம்பலாம். கடைசியாக நகரும் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் பழைய தேய்க்கும் பிரேக் கை கொடுக்கிறது.

ஆகாயத்திலிருந்து இறங்கினால்?

ஆகாய விமானத்தின் சமாசாரம் வேறு. 170 டன் எடையுள்ள விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது என்று வையுங்கள். அந்த ஓட்டத்தில் அடங்கிய சக்தி எவ்வளவு தெரியுமா? சுமார் 110 யூனிட் மின்சாரம்! வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழக அரசு அறிவித்ததே, அதைவிட அதிகம். இத்தனையையும் ஒரு நிமிஷத்துக்குள் அடக்க வேண்டும். எஞ்சின் காற்றை எதிர்ப்புறம் திருப்பியும், இறக்கையின் மேல் தட்டிகளை நிமிர்த்தியும் ஒரு பங்கைக் குறைக்கிறார்கள். மீதி சக்கரத்தின் தலையில்!

சக்கரத்துக்குள்ளே கரித் தட்டுகள் தோசைக்கல்லை அடுக்கினாற்போல இருக்கின்றன. ஒன்று விட்டு ஒன்று சக்கரத்தோடு சுழலும். மற்றவை அசையாமல் நிற்கும். அடுக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும். வெகுகாலமாக இப்படி அழுத்தியது எண்ணெய். குழாயில் கசிவு ஏற்பட்டு, அந்த எண்ணெய் சூடான பிரேக்கில் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

2011-ல் பிரயாணிகள் சேவைக்கு வந்த போயிங் 787-ல் எண்ணெய்க்குப் பதில் சிறு மின்மோட்டார்கள் திருகி அழுத்துகின்றன. பிரேக் போடும் எட்டுச் சக்கரங்களுக்கும் தலா நான்கு. தட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் அவையே தெரிவிக்கும். ஆனால் மெட்ரோவைப் போல மின்சாரம் திரும்பி வருவதில்லை. அழுத்துவது மின்சாரம், நிறுத்துவது தேய்ப்பு.

சூடு எல்லை மீறினால்? சக்கரத்தில் உள்ள ஒரு சிறு அடைப்பான் தானே உருகி, டயரிலிருந்து வாயுவை வெளியேற்றிவிடும். டயர் வெடிப்பதைவிடத் தட்டையாவது மேல் அல்லவா?

டயர் என்றதும் நினைவு வருகிறது. 1946-ல் இதே திருவொற்றியூரில், ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்த எம்.ஆர்.எப். பின்னாளில் சுகோய்-30 போர் விமானத்துக்கே டயர் செய்து கொடுத்தது!

கரண்ட் போனால்?

தமிழ்நாட்டு வாசகர் கேட்காமல் விடமாட்டார்: "எல்லாம் சரி ஐயா, கரண்ட் போய்விட்டால்?"

மெட்ரோவில் உடனே தேய்க்கும் பிரேக் வேலையை ஏற்றுக்கொள்ளும். லாரியில் காற்று இறங்கிவிட்டால், ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். 787-ல் பல வழிகளில் மின்சாரம் வருகிறது. எல்லாம் கைவிட்டால் பாட்டரி உண்டு. 2013 ஜனவரியில் அந்த ரக விமானப் பாட்டரிகள் இரண்டு கெட்டுப் புகைந்தபோது, ஏர் இந்தியாவினுடையவை உட்பட உலகெங்கும் அந்த விமானங்களைத் தரையில் நிறுத்திவிட்டார்கள். பாட்டரிக்குப் புதிய காப்பு அமைத்த பிறகே மறுபடி பறக்கவிட்டார்கள்.

ஒரு வழி அடைபட்டால் மறு வழி என்பதுதான் பிரேக் சாஸ்திரத்தின் முதல் பாடம். அடுத்த முறை தேரடியில் ரயில் அலுங்காமல் நிற்கும்போது, கைப்பையை எடுக்கும் அவசரத்திலும் சக்கரத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்திரமாக வீடு சேருவது, அது ஓடியதால் மட்டுமல்ல, வேளையறிந்து நின்றதால்!