வீட்டுவளவில் வத்தகைச் செய்கை
(முள்ளிக்குளம், முசலிக் கரையோரக் கமக்காரர்களுக்கு)

கோடை வெயிலில் தாகந் தீர்க்கும் வத்தகைப் பழத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேற்பட்டது நீரேயாகும். ஆபிரிக்காக் கண்டத்தின் வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட இப்பயிர், மணற்றரையையும் நல்ல வெயிலையும் விரும்புவது. ஆகையால் மன்னார்ப் பகுதியின் தென்கரையிலுள்ள முள்ளிக்குளம் போன்ற ஊர்களுக்கு இது பொருத்தமான வீட்டுத்தோட்டப் பயிராகும். 2007 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இவ்வூரார் இடம்பெயர்ந்தனர். பின்னர் மீண்டு வந்த குடும்பங்களுக்கு வீட்டைச் சுற்றியுள்ள சிறு வளவும் பயன் தரும் நிலமேயாகும். நெல்லும் மரக்கறியும் பயிரிட்டுப் பழகியோர், முதன்முறையாக வத்தகை நடும்போது கவனிக்க வேண்டியவை கீழே தரப்படுகின்றன.

முதலிற் கிணற்றைப் பார்க்க

குழிகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டியது வளவின் பரப்பு அன்று; கிணற்றின் நீரே. கரையோரக் கிணறுகளில் நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. ஒரே வேளையில் மிகுதியாக இறைத்தால் நன்னீர் குறைந்து, கீழுள்ள உப்புநீர் மேலெழும். பயிர் கருகுவதோடு, குடும்பத்தின் குடிநீரும் உவராகிவிடும். ஒரு பயிருக்காகக் குடிநீர்க் கிணற்றை இழப்பது எவ்வாற்றானும் இலாபமாகாது.

ஆகவே முதல் ஆண்டில் ஆறு முதல் பத்துக் குழிகள் போதும். காலையிற் பாதியும் மாலையிற் பாதியுமாக வாளியால் இறைப்பது நன்று. நீர் உவர்க்கத் தொடங்கினாலோ, மண்ணின்மேல் வெண்மையாக உப்புப் பூத்தாலோ குழிகளைக் கூட்டலாகாது.

காலமும் இனமும்

மன்னாரில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்கின்றது. அம்மழையில் விதைத்தால் வேர் அழுகும்; இலைநோயும் மிகும். தைப்பொங்கல் கழிந்ததும் விதைத்தால், நிலத்தில் ஈரம் எஞ்சியிருக்கும். கிணற்றிலும் நீர் இருக்கும். சோளகக் காற்று வலுப்பதற்கு முன் பயிர் முடிந்துவிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பழமும் கைக்கு வரும்.

புதியவர்களுக்குச் 'சுகர் பேபி' என்னும் இனம் ஏற்றது. கரும்பச்சைத் தோலும் சிவந்த சதையும் உடைய இதன் காய், விதைத்து ஏறத்தாழ 75 முதல் 85 நாட்களில் முற்றும். கலப்பின விதையைப் பயிரிட்டோர், அதன் பழத்திலிருந்து மறுமுறைக்கு விதை எடுக்கலாகாது. தாயின் குணம் பிள்ளைக்கு அவ்வாறே வாராது.

குழியும் விதைப்பும்

நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில், வரிசைக்கு வரிசை 6 அடியும் குழிக்குக் குழி 4 அடியும் விட்டு, ஓரடி நீளம், அகலம், ஆழமுள்ள குழிகளை வெட்டுக. நன்கு உக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெருவை மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி, ஒரு வாரம் நனைத்துவருக. மணல் நீரைத் தாங்காது. எருவே அதனைத் தாங்கச் செய்யும். உக்காத எரு வேரைச் சுடும்.

விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, குழிக்கு மூன்றாக, ஓரங்குல ஆழத்தில் இடுக. ஏறத்தாழ ஒரு வாரத்தில் முளைக்கும். மூன்று நான்கு இலை விட்டதும் வலிய நாற்று ஒன்றையோ இரண்டையோ விட்டு, மற்றதைக் கத்தரித்துவிடுக. பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும். சென்ற ஆண்டு வத்தகை, பூசணி, வெள்ளரி நின்ற இடத்தை விலக்குக; வாடல்நோய்க் கிருமி மண்ணில் நீண்டகாலம் உயிர்வாழும்.

நீரும் மூடாக்கும்

இலை நனையாது அடியில் நீர் ஊற்றுக. வைக்கோல் அல்லது பழைய கிடுகை அடியிற் பரப்பினால் ஈரம் நிலைக்கும். காயும் மண்ணிற் படாது. பூக்கும் காலத்திலும் காய் பருக்கும் காலத்திலும் ஈரம் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். காயவிட்டுப் பின் மிகுதியாக ஊற்றினால் காய் வெடிக்கும். முற்றுவதற்கு ஒரு வாரம் முன் நீரைக் குறைத்தால் இனிப்பு மிகும்.

பூவும் காயும்

முதலில் வருபவை ஆண்பூக்கள். அவை உதிர்வது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பின்வரும் பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். தேனீ குறைவாயின், காலை 9 மணிக்கு முன் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுக. ஒரு கொடிக்கு இரண்டு காய் போதும்.

பழ ஈ இளம் பிஞ்சைக் குத்தி முட்டையிடும். ஆகவே பிஞ்சு எலுமிச்சை அளவானதும் கடதாசிப் பையால் மூடுக. தாக்குண்ட பிஞ்சுகளைத் தோட்டத்தில் எறியாது ஆழப் புதைக்க. நாற்றைத் தின்னும் சிவப்பு வண்டை, அது சோர்ந்திருக்கும் அதிகாலையிற் கையாற் பிடித்து அழிக்கலாம். கட்டாக்காலி மாடும் காட்டுப்பன்றியும் ஓர் இரவில் உழைப்பை அழித்துவிடும். விதைக்குமுன் வேலி அடைக்க.

அறுவடை

வத்தகை பறித்தபின் இனிப்பு ஏறாது. ஆதலால் முற்றியதை அறிதல் முக்கியம். காம்பருகிலுள்ள பற்றுச்சுருள் காய்ந்திருத்தல், நிலத்திற் படும் பக்கம் வெண்மை மாறி மஞ்சளாதல், தோலின் பளபளப்பு மங்குதல், தட்டினால் மந்த ஒலி எழுதல் என்பன அடையாளங்கள். இவற்றில் ஒன்றை மட்டும் நம்பாது, எல்லாவற்றையும் ஒருங்கே பார்க்க. இரண்டு அங்குலக் காம்பு விட்டுக் கத்தியால் வெட்டுக.

முதல் ஆண்டு பத்துக் குழிகளில் விளைந்ததையும், நாளொன்றுக்கு இறைத்த வாளிக் கணக்கையும் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு எத்தனை குழிகள் என்பதை அக்கணக்கே கூறும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.